இரண்டாம் துள்ளல்

ஓடுபாதையை நெருங்கும் சிறு வானூர்தியின் இயக்கத்தில் இரு கூறுகள் உண்டு. ஒன்று முன்னோக்கியது, மற்றொன்று கீழ்நோக்கியது. உலகெங்கும் பறப்புப் பள்ளிகளில் காணப்படும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். 1955-இல் முதன்முதல் பறந்து, இன்றுவரை 44,000-க்கும் மேல் கட்டப்பட்ட ஊர்தி அது. வேறெந்த வானூர்தியும் அத்தனை எண்ணிக்கையில் உருவானதில்லை. அதன் அண்மை வடிவத்தின் முழு எடை 1,157 கிலோகிராம். மணிக்கு 111 கிலோமீட்டர், அதாவது 60 நாட் வேகத்தில் அது வரும்போது அதன் முன்னோக்கிய இயக்க ஆற்றல் ஐந்தரை இலட்சம் ஜூல். அதே வேளையில் நொடிக்கு 2.6 மீட்டர் வீதம் அது இறங்கினால், கீழ்நோக்கிய ஆற்றல் நாலாயிரம் ஜூலைக்கூட எட்டாது. நூற்றில் ஒரு பங்கும் தேறாத இந்தச் சிற்றாற்றல்தான் சக்கரத் தண்டை வளைக்கிறது. பொறியைத் தாங்கும் சுவரைக் கசக்குகிறது. சுழல்விசிறியைத் தரையில் மோதச் செய்கிறது.

ஆற்றலின் அளவைவிட, அதைச் செலவிடக் கிடைக்கும் இடமே இங்குப் பெரிது. முன்னோக்கிய ஆற்றல் கரைவதற்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. சக்கரங்கள் உருள்கின்றன, காற்று தடுக்கிறது, தடைகள் பற்றுகின்றன. கீழ்நோக்கிய ஆற்றலுக்கோ சக்கரத் தாங்கிகள் அமுங்கும் ஒரு சாண் தொலைவு மட்டுமே உண்டு. நொடிக்கு 2.6 மீட்டர் இறக்கம் 20 சென்டிமீட்டருக்குள் சீராக அடங்கினால் ஊர்தி உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஒன்றேமுக்கால் மடங்கு. அதே இறக்கம் 5 சென்டிமீட்டருக்குள் நிற்க நேர்ந்தால் அது ஏழு மடங்காகிறது. இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் கடுந்தரையிறக்கம் என்னும் விபத்து நிகழ்கிறது.

பறப்புப் பயிற்சியில் மிகுதியாக விபத்து நேரும் கட்டம் தரையிறக்கமே. ஆயினும் அவ்விபத்துகளில் உயிரிழப்பு அரிது. அரிது என்பதனாலேயே இவற்றைச் சிறுமையாகக் கருதும் போக்கு ஒன்று உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. ஒரு மாணவரின் கையும் கண்ணும் ஊர்தியின் இயற்பியலோடு நேருக்கு நேர் மோதும் இடம் இது. இந்த மோதலைக் கூர்ந்து பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். ஊர்தியை உடைப்பது பெரும்பாலும் முதல் அடி அன்று. முதல் அடிக்குப் பின்னர் அதைத் திருத்த விரையும் கைதான் உடைக்கிறது.

முதல் அடியை ஊர்தி எவ்வளவு தாங்கும் என்பதை வடிவமைப்பாளர்கள் முன்கூட்டியே கணித்து வைத்திருக்கின்றனர். சிற்றூர்திகளுக்கான அமெரிக்க வான்தகுதி விதிகள் 2017-இல் திருத்தி எழுதப்படும்வரை, தரையிறங்கும் ஊர்தி தாங்க வேண்டிய இறக்க வேகத்தை ஒரு வாய்பாட்டால் வரையறுத்தன. இறக்கையின் ஒவ்வோர் அலகுப் பரப்பும் சுமக்கும் எடையின் நான்காம் படிமூலத்தைக் கொண்டது அந்த வாய்பாடு. எந்த ஊர்தியாயினும் நொடிக்கு 7 அடிக்குக் குறையாமலும் 10 அடிக்கு மிகாமலும் கொள்ள வேண்டியிருந்தது. செஸ்னா 172-இன் எடையையும் 16.2 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பையும் இதில் பொருத்தினால் நொடிக்கு 2.6 மீட்டர் கிடைக்கிறது. 35 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஊர்தியைத் தடையின்றி விழவிட்டால் தரையைத் தொடும் வேகம் அது. அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான வேகத்தில் மோதினாலும் சக்கரத் தாங்கி முறியலாகாது, வளையலாம், அவ்வளவே. வேகம் 1.2 மடங்கு என்றால் ஆற்றல் 1.44 மடங்கு என்பதை நினைவில் கொள்க.

இப்போது வழக்கமான இறக்கத்தை இதனோடு ஒப்பிடுவோம். 65 நாட் வேகத்தில் மூன்று பாகைச் சரிவில் வரும் ஊர்தி நொடிக்கு 1.75 மீட்டர் இறங்குகிறது. பொறியின் விசையைக் குறைத்துச் செங்குத்தாக வரும் பயிற்சி இறக்கங்களில் அது இரண்டரையைத் தாண்டுவதுண்டு. அதாவது, மாணவர் கடைசி நேரத்தில் எதுவுமே செய்யாமல் அப்படியே வந்து முதன்மைச் சக்கரங்களால் மோதினாலும், ஊர்தி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். உள்ளிருப்போரின் பற்கள் அதிரும், முதுகு உணரும், ஊர்தி நிற்கும். இத்தனை வலிமை இருந்தும் பயிற்சி ஊர்திகள் உடைகின்றன என்றால், விதி கருதியிராத ஏதோ ஒன்று நடக்கிறது என்று பொருள். ஒன்று, விழும் உயரம் மிகுந்துவிடுகிறது. அல்லது, தாங்குவதற்கென அமையாத முன்சக்கரம் முதலில் தரையைத் தொடுகிறது.

விழும் உயரம் எப்படி மிகும்? தரைக்கு மூன்று முதல் ஆறு மீட்டர் மேலே வானோடி பிடியை மெல்லப் பின்னிழுத்து மூக்கை உயர்த்துகிறார். வானோடிகள் ‘ஃபிளேர்’ என்பர். தலைநிமிர்த்தல் என்று நாம் கொள்ளலாம். மூக்கு நிமிரும்போது இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் பெருகி, ஏற்றவிசை எடையை மிஞ்சுகிறது. மிஞ்சிய அந்தப் பகுதியே இறங்கும் பாதையை வளைத்து ஓடுபாதைக்கு இணையாக்குகிறது. எவ்வளவு மிஞ்ச முடியும் என்பதை வேகம் வரையறுக்கிறது. ஏற்றவிசை வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதம் ஆதலால், இறக்கை தாங்கவல்ல மிகக் குறைந்த வேகத்தைப் போல் 1.3 மடங்கில் வரும் ஊர்தி, தேவைப்பட்டால் தன் எடையில் 1.69 மடங்கு ஏற்றவிசையைப் பெறும். 1.1 மடங்கில் வந்தால் 1.21 மட்டுமே. மெதுவாக வருவதே பாதுகாப்பு என்று எண்ணும் மாணவர், தலைநிமிர்த்துவதற்கான மூலதனத்தை ஓடுபாதைக்கு வருமுன்பே செலவழித்துவிடுகிறார். பிடியை இழுக்கிறார், மூக்கு எழுகிறது, பாதை வளைவதில்லை.

மூலதனம் நிறைந்து வந்தாலும் அதை ஒரு முறைதான் செலவிடலாம். நொடிக்கு 2.6 மீட்டர் இறக்கத்தை, எடையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விசையால் அடக்க 1.7 மீட்டர் உயரம் போதும். பத்தில் ஒரு பங்கால் அடக்க 3.4 மீட்டர் வேண்டும். மாணவர் அஞ்சி மிக முன்னதாகவே மூக்கை நிமிர்த்தினால், ஊர்தி உயரத்திலேயே மட்டமாகிவிடும். அங்கே மிதந்தபடி வேகத்தை இழக்கும். ஏற்றவிசை குலையும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஏற்றவிசை எடையில் பாதியாகச் சரிந்ததென்றே வைப்போம். தரையைத் தொடும்போது இறக்க வேகம் நொடிக்கு 3.8 மீட்டர், ஆற்றல் வடிவமைப்பு அளவைப் போல் இரு மடங்குக்கு மேல். ஓர் ஆளின் உயரம்கூட இல்லாத வீழ்ச்சி அது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு ‘கொஞ்சம் பலமாக இறங்கிவிட்டது’ என்றே தோன்றும்.

இதற்கு எதிர்த்திசைப் பிழை மிகை வேகம். 10 விழுக்காடு கூடுதல் வேகம் 21 விழுக்காடு கூடுதல் ஆற்றல். ஊர்தி தரையிறங்க மறுக்கிறது. தரையின் அண்மையே அதற்குத் துணைபோகிறது. இறக்கையின் நுனிகளில் சுருண்டெழும் காற்றுச் சுழல்களைத் தரை தடுத்துவிடுவதால், ஏற்றவிசையோடு ஒட்டிப் பிறக்கும் இழுவை குறைகிறது. இறக்கை முழுநீளத்தில் கால்பங்கு உயரத்தில் இருக்கும்போது அவ்விழுவை 23.5 விழுக்காடு குறையும். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் 47.6 விழுக்காடு. செஸ்னா 172-இன் இறக்கை 11 மீட்டர் நீளம். கால்பங்கு என்பது 2.75 மீட்டர். இறக்கை உடலின் உச்சியில் அமைந்த ஊர்தி ஆதலால், சக்கரங்கள் தரையைத் தொட இருக்கும் தறுவாயில்தான் அது இந்த மண்டலத்துக்குள் ஆழமாக நுழைகிறது. பைப்பர் செரோக்கி போன்ற தாழ்ந்த இறக்கை ஊர்திகள் இன்னும் நெடுந்தொலைவு மிதக்கும். ஓடுபாதை கீழே ஓடி மறைகிறது, ஊர்தி இறங்குவதாயில்லை, மாணவர் பொறுமை இழக்கிறார். பிடியை முன்தள்ளி ஊர்தியைத் தரையில் வைக்கப் பார்க்கிறார். முன்சக்கரம் முதலில் தொடுகிறது.

இவை அனைத்தும் உயரத்தைக் கண்ணால் அறிவதைப் பொறுத்தவை. ஆறு மீட்டர் உயரத்தில் உயரமானியை நம்ப முடியாது. அக்கருவியின் பிழையே அவ்வளவு இருக்கும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை வானோடிகளின் தேர்விலும் பயிற்சியிலும் பணியாற்றிய உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் இந்தக் காட்சியறிவை ஆராய்ந்தவர். 1955-இல் தம் துணைவர் இருவருடன் அவர் வெளியிட்ட ஆய்வு, தரையிறங்கும் வானோடியின் கண்முன் தரைப்பரப்பு எவ்வாறு விரிந்தோடுகிறது என்பதைக் கணித வடிவில் காட்டியது. ஊர்தி எந்தப் புள்ளியை நோக்கிச் செல்கிறதோ அந்தப் புள்ளி மட்டும் அசையாது நிற்கும். மற்றவையெல்லாம் அதிலிருந்து வெளிநோக்கி வழியும். அண்மையிலுள்ளவை விரைந்து வழியும்; தொலைவிலுள்ளவை மெல்ல. இந்த வழிவில்தான் உயரமும் இறக்க வேகமும் பொதிந்திருக்கின்றன. மூக்குக்கு நேர்கீழே பார்க்கும் மாணவருக்கு எல்லாம் மங்கலாகி ஓடும். அவர் பிந்திச் செயல்படுவார். வெகுதொலைவில் பார்வையை நட்டவருக்கு உயர வேறுபாடு தெரியாது. பார்வையை ஓடுபாதையின் நெடுகிலும் முன்னும் பின்னுமாக நகர்த்தும் பழக்கத்தை எந்தப் பாடநூலும் ஒரே நாளில் தந்துவிடாது. பல பத்து இறக்கங்களில்தான் அது கண்ணில் படியும்.

படிந்த பழக்கமும் ஏமாறும். அகலமான ஓடுபாதையில் பழகியவர் குறுகிய பாதைக்கு வந்தால், உண்மையைவிட உயரத்தில் இருப்பதாக உணர்ந்து, தலைநிமிர்த்தலைப் பிந்தித் தொடங்குவார். குறுகியதில் பழகியவர் அகலமானதில் தரை நெருங்கிவிட்டதென்று எண்ணி, உயரத்திலேயே நிமிர்த்திவிடுவார். ஒரே மாணவர், ஒரே ஊர்தி, ஒரே கைத்திறன். மாறியது தரையில் பூசிய வெண்கோடுகளின் இடைவெளி மட்டுமே. தன் பயிற்சித் தளத்தில் அழகாக இறங்கிய மாணவர் வேற்றூரில் ஊர்தியை முறிக்கும்போது, அவரது திறமையைக் குறை சொல்லுமுன் பாதையின் அகலத்தைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி முதல் தொடுகைக்குப் பின் நடப்பதைப் பார்ப்போம். மூன்று சக்கர ஊர்தியில் முதன்மைச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னே உள்ளன. அவை முதலில் தொட்டால், தரையின் உதைப்பு ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் மேல்நோக்கித் தாக்கும். வால் எழும், மூக்கு தாழும். இறக்கையின் கோணம் குறைந்து ஏற்றவிசை சரியும். ஊர்தி தரையோடு ஒட்டிக்கொள்ளும். வடிவத்திலேயே அமைந்த நல்லியல்பு இது. முன்சக்கரம் முதலில் தொட்டாலோ எல்லாம் தலைகீழ். உதைப்பு ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் விழுகிறது, மூக்கு எகிறுகிறது, கோணம் பெருகுகிறது, பறப்பதற்குப் போதிய வேகம் இன்னும் இருப்பதால் ஊர்தி மீண்டும் பறக்கத் தொடங்குகிறது. இது வெறும் பந்துத் துள்ளலன்று. இறக்கையும் சேர்ந்து தூக்குகிறது. இரண்டாம் உலகப்போருக்கு முன் பெரும்பாலான ஊர்திகளில் வாலின் அடியில் சிறு சக்கரம் இருக்கும். முதன்மைச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்கு முன்னே அமையும். அவை கடுமையாகத் தொட்டாலே வால் தாழ்ந்து மூக்கெழும். அக்காலத்து மாணவர்கள் துள்ளலை இன்றையவரைவிட நன்கறிந்திருந்தனர்.

சக்கரத் தாங்கியின் இயல்பும் இதில் பங்கு கொள்கிறது. பந்தய வானோடி ஸ்டீவ் விட்மன் 1930-களில் தம் ஊர்திகளுக்கு உருவாக்கிய வில்லெஃகுக் கால்களைச் செஸ்னா நிறுவனம் உரிமை பெற்று, போருக்குப் பின் வந்த தன் சிற்றூர்திகளில் பயன்படுத்தியது. எளிமையானவை, தேயும் உறுப்பற்றவை, ஆண்டுக்கணக்கில் பேணுதல் வேண்டாதவை. ஆனால் வில் ஆற்றலைத் தின்பதில்லை. வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறது. கால்கள் விரியும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் தரையைத் தேய்ப்பதில்தான் அதில் ஒரு பகுதி கரைகிறது. முன்சக்கரத்தின் தாங்கி வேறு வகை: எண்ணெயும் அழுத்தமேற்றிய காற்றும் நிறைந்த குழல். சிறு துளை வழியே எண்ணெய் பிதுங்கி ஓடும்போது ஆற்றல் வெப்பமாகிறது. தணிப்பில் சிறந்தது அது. ஆயினும் அதன் அடித்தளம் பொறிக்கும் அறைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவர், மெல்லிய தகடு. ஊர்தியின் முழு எடையையும் ஒற்றையாக வாங்குவதற்கு அது கட்டப்படவில்லை. இறக்கத்தின் கடைசி உருளலில் மூக்கைத் தாங்கவும், தரையில் திசை திருப்பவுமே கட்டப்பட்டது.

முதல் துள்ளலில் ஊர்தி ஒரு மீட்டர் எழுந்ததாகக் கொள்வோம். இறக்கை எடையில் பாதியைத் தாங்கினால், எழுந்து மீண்டும் தரை தொட ஒன்றேகால் நொடி ஆகும். மாணவர் மூக்கு எகிறியதைக் காண்கிறார். கண் கண்டதை மூளை உணர, கை இயங்க, வாலின் உயர்த்தித் தகடு திரும்ப, ஊர்தியின் நிறை அதற்கு இணங்க, அரை நொடிக்கு மேல் கடந்துவிடுகிறது. மூக்கைத் தாழ்த்த வேண்டுமென்று அவர் இட்ட கட்டளை நிறைவேறும் வேளையில் ஊர்தி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே மூக்கு தாழ்ந்தபடி, முதலாவதைவிட விரைந்து, முன்சக்கரத்தால் தரையைக் குத்துகிறது. இன்னும் பலமாக எகிறுகிறது. மாணவர் இன்னும் பலமாகத் தள்ளுகிறார். அலைவின் காலத்தில் பாதியளவு பிந்தி வரும் திருத்தம், தணிக்கும் விசையாக இராமல் ஊக்கும் விசையாகிவிடும் என்பது அலைவியலின் அடிப்படை. திருத்துபவர் எவ்வளவு முனைப்பாக இருக்கிறாரோ அவ்வளவு விரைவில் அலைவு பெருகும். கடலில் ஓங்கில்கள் எழுந்தும் அமிழ்ந்தும் செல்வதைப்போன்ற இந்தப் பாதைக்கு வானோடிகள் அவ்விலங்கின் பெயரையே சூட்டியுள்ளனர். மூன்றாம் அல்லது நான்காம் வீழ்ச்சியில் முன்கால் மடிகிறது. சுழல்விசிறி தரையில் மோதுகிறது. முதல் அடியைத் தாங்கிய ஊர்தி, திருத்தங்களால் உடைகிறது.

மாணவர்தாம் இதில் சிக்குவர் என்று எண்ண வேண்டா. 1977 அக்டோபர் 26 அன்று, அப்பல்லோ 13-இல் பறந்து மீண்ட ஃபிரெட் ஹெய்ஸ், ‘எண்டர்பிரைஸ்’ என்னும் விண்ணோடத்தைக் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் முதன்முறையாகக் காரைப்பாதையில் இறக்கினார். வேகம் சற்று மிகுந்திருந்தது. குறித்த இடத்தில் தொடுவதற்காக அவர் திருத்த முயல, ஓடம் மேலும் கீழுமாக அலைந்து, துள்ளி, பக்கவாட்டில் புரண்டாடியது. பிடி அசைவதற்கும் தகடு திரும்புவதற்கும் இடையே கட்டுப்பாட்டுக் கணினிகள் கால் நொடியளவு நேரம் எடுத்துக்கொண்டதே அலைவின் வேர். நாசா பின்னர் எஃப்-8 ஊர்தியொன்றில் இந்தக் காலத்தாழ்வை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் பறந்து ஆராய்ந்தது. விண்ணோடத்தின் கட்டுப்பாட்டில் இத்தகைய அலைவை அடக்கும் வடிப்பான் சேர்க்கப்பட்டது. தேர்ந்த கைகளுக்கே கால் நொடித் தாழ்வு இதைச் செய்யுமென்றால், பத்து மணிநேரப் பழக்கமுள்ள மாணவரிடம் நாம் எதை எதிர்பார்ப்பது?

பறப்பின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. 1903 டிசம்பர் 14 அன்று கிட்டி ஹாக் மணற்பரப்பில் வில்பர் ரைட் தம் பொறியூர்தியை முதன்முதல் எழுப்பியபோது, மூக்கை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினார், ஏற்றவிசை குலைந்தது, மூன்றரை நொடியில் ஊர்தி மணலில் விழுந்து சிதைவுற்றது. செப்பனிட்ட பின் 17-ஆம் நாள் பறந்த நான்கு பறப்புகளும் நேரான பாதையில் அமையவில்லை. முன்னால் பொருத்திய உயர்த்தி மிகையாகத் துலங்கியதால், ஊர்தி எழுந்தும் தாழ்ந்தும் அலைந்தே சென்றது. 59 நொடி நீடித்த நான்காம் பறப்பு திடீரெனத் தரையை நோக்கிப் பாய்ந்து முடிந்தது. முன்னுயர்த்தியின் சட்டம் உடைந்தது. அன்றே காற்று அதைப் புரட்டிப் போட்டது. அது மீண்டும் பறக்கவில்லை. ரைட் உடன்பிறந்தாரும் அன்று மாணவர்களே. கற்றுக்கொடுக்க ஆளில்லாத மாணவர்கள்.

ஆசிரியர் உடனிருந்தால் காப்பாற்ற மாட்டாரா? காப்பாற்றுகிறார், பெரும்பாலும். ஆனால் அவருக்கும் இதே கணக்கே பொருந்தும். மூன்று மீட்டர் உயரத்தில், நொடிக்கு 2.6 மீட்டர் இறக்கத்தில், அவருக்கு எஞ்சியிருப்பது ஒரு நொடிக்குச் சற்று மேல். மாணவர் நிமிர்த்தப் போகிறாரா இல்லையா என்று காத்திருந்து உறுதி செய்துகொண்டால், செயல்பட நேரமிராது. கற்பிப்பவரின் கடமை மாணவரைப் பிழை செய்யவிடுவதும்தான். பிழையை உணராத கை கற்காது. எந்த உயரம்வரை விடலாம், எந்த உயரத்தில் ‘கட்டுப்பாடு என் கையில்’ என்று சொல்லிப் பிடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் இறக்கத்தைத் தொடங்குமுன்பே தமக்குள் வரையறுத்திருக்க வேண்டும். இருவர் கைகளும் ஒரே பிடியை எதிரெதிராகத் தள்ளுவதைப்போல் கெட்ட நிலை வேறில்லை. அதனால்தான் ஒருவர் வாங்கிக்கொண்டதாகவும் மற்றவர் ஒப்படைத்ததாகவும் வாய்விட்டுச் சொல்லும் முறை பயிற்சியின் முதல் நாளிலிருந்தே வலியுறுத்தப்படுகிறது.

துள்ளிய ஊர்திக்கு மருந்து ஒன்றே. தரையை மறந்துவிடுதல். மூக்கை இறங்குநிலையிலோ சற்று மேலாகவோ அசையாமல் பிடித்து, பொறிக்கு முழு விசை கொடுத்து, மீண்டும் எழுந்து ஒரு சுற்று வருதல். துள்ளல் மிகச் சிறிதாயின் சிறு விசை கொடுத்து, அதே நிலையில் வைத்து, முதன்மைச் சக்கரங்களால் மறுபடி தொடவிடலாம். முன்சக்கரம் பட்டுத் துள்ளியிருந்தால் அந்தத் தெரிவும் இல்லை. சொல்ல எளிது. ஆனால் தரையைத் தொட்டுவிட்ட மனம் பறப்பு முடிந்துவிட்டதாகவே நம்புகிறது. மீண்டும் பறப்பதென்பது தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல் மாணவருக்குப் படுகிறது. மறுசுற்றைத் தண்டனையாகக் கருதும் பள்ளியில் இந்த மனநிலை இன்னும் வேரூன்றும். நன்றாக வந்த இறக்கத்தைக்கூட இடையிலேயே கைவிட்டு எழுமாறு அடிக்கடி ஏவும் ஆசிரியரே நல்லாசிரியர் என்று நான் கருதுகிறேன்.

இந்த மருந்திலும் இடர் உண்டென்பதை மறைக்கலாகாது. இறங்குவதற்கெனச் சீர்செய்த ஊர்தியில் பின்விளிம்புத் தகடுகள் முழுதும் தாழ்ந்திருக்கும். உயர்த்தியும் மூக்கெழும்பச் சரிசெய்யப்பட்டிருக்கும். திடீரென முழு விசை கொடுத்தால் மூக்கு வலுவாக மேலெழும். சுழல்விசிறியின் முறுக்கம் ஊர்தியை இடப்புறம் திருப்பும். மெதுவான வேகத்தில் மூக்கை எழவிட்டால் ஏற்றவிசை குலையும். அந்த உயரத்தில் மீட்பு இல்லை. பிடியை முன்னோக்கி அழுத்தி மூக்கைத் தடுக்க வேண்டும். வலக்காலால் சுக்கானை மிதிக்க வேண்டும். தகடுகளை ஒரேயடியாக உயர்த்தாமல் படிப்படியாக உயர்த்த வேண்டும். கடுந்தரையிறக்கம் பெரும்பாலும் உலோகத்தையே கெடுக்கிறது. பிழைபட்ட மறுசுற்று ஆளைக் கொல்லும். ஆகவே இதை அரைகுறையாகக் கற்பித்துவிட்டு மாணவரைத் தனிப்பறப்புக்கு அனுப்புவது பெருந்தவறு.

உடல் தப்புவது எதனால் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செங்குத்தான அதிர்ச்சியில் முதலில் துன்புறுவது முதுகெலும்பின் கீழ்ப்பகுதி. 1988-இல் அமெரிக்க விதிகளில் சேர்க்கப்பட்ட இருக்கைச் சோதனை, நொடிக்கு 9.4 மீட்டர் வேகமாற்றத்திலும் இடுப்பு முள்ளெலும்பின்மேல் விழும் சுமை 680 கிலோகிராமுக்கு மிகாதிருக்க வேண்டும் என்று கேட்டது. சக்கரத் தாங்கி தாங்க வேண்டிய வேகத்தைப் போல் இது மூன்றரை மடங்கு. கால்கள் மடிவது, உடற்பகுதி நசுங்குவது, இருக்கை அமுங்குவது எல்லாம் சேர்ந்து அந்த ஒரு சாண் தொலைவை நீட்டித் தருகின்றன. பழைய ஊர்திகளில் இத்தகைய இருக்கை இல்லை. பயிற்சிப் பள்ளிகளில் ஓடிக்கொண்டிருப்பவற்றுள் பல பழையவை.

எல்லாம் முடிந்து, ஊர்தி தன் கால்களில் நின்று, மாணவர் அதை நிறுத்துமிடத்துக்கு ஓட்டி வந்துவிட்டால்? இங்கேதான் எனக்குப் பெருங்கவலை. முன்காலின் உதை தீத்தடுப்புச் சுவரில் நுண்ணிய மடிப்பை உண்டாக்கியிருக்கும். பொறியின் மூடியைக் கழற்றாமல் அது கண்ணுக்குத் தெரியாது. பொறிதாங்கும் குழற்சட்டத்தின் பற்றவைப்பில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். ஆணிகள் தளர்ந்து, இறக்கை உடலோடு சேருமிடத்தில் வண்ணப்பூச்சு மட்டும் சற்றே உதிர்ந்திருக்கும். சுழல்விசிறி தரையில் பட்டிருந்தால் கேடு அலகின் வளைவோடு நிற்பதில்லை. சுழலும் வணரித்தண்டு ஒரு கணத்தில் தடைப்பட்ட அதிர்ச்சி, தண்டின் பின்முனைப் பற்சக்கரத்தையும் அதைப் பிணைக்கும் சிறு முளையையும் தாக்கியிருக்கும். அந்தப் பற்சக்கரம் தளர்ந்தால் பொறி நடுவானில் நிற்கக்கூடும். இதனாலேயே அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகம் 2004-இல், விசிறி மோதிய லைகாமிங் பொறிகளில் இந்தப் பகுதியைத் திறந்து சோதிக்க வேண்டுமென ஆணையிட்டது.

இவற்றில் எதுவும் ஊர்தியை நிறுத்திவிட்டு நடந்து செல்பவருக்குத் தெரியாது. தெரிந்த ஒன்று, தரையிறக்கம் கடுமையாக இருந்தது என்பது மட்டுமே. மாணவர் அதைச் சொல்ல அஞ்சினால், அடுத்த ஒரு மணிநேரத்தில் வேறொரு மாணவர் அதே ஊர்தியில் ஏறுவார். முன்னவர் தந்த வெடிப்பின்மேல் பின்னவரின் சிறு அடியும் சேரும். சொன்னவரைக் கடிந்துகொள்ளும் பள்ளி, அடுத்த முறை எவரும் சொல்லாதபடி செய்துவிடுகிறது. உற்பத்தியாளரின் பேணுதல் நூல்களில் கடுந்தரையிறக்கத்துக்கெனத் தனிச் சோதனை வகுக்கப்பட்டுள்ளது. மூடியைக் கழற்றி, சுவரையும் சட்டத்தையும் கால்களின் பிணைப்புகளையும் பார்த்து, பொறியாளர் பதிவேட்டில் கையொப்பமிடும்வரை அந்த ஊர்தியை அடுத்த மாணவர் கையில் எந்தப் பள்ளியும் கொடுக்கலாகாது.